முன்னோர் ஊரைக் கண்டுபிடிக்க எந்த வழி: கப்பல் பட்டியலா, மரபணுச் சோதனையா, நேரில் போவதா?

கடல் கடந்து போன தமிழர்களின் பேரப்பிள்ளைகளிடம் பூர்வீகம் எது என்று கேட்டால், பெரும்பாலும் ஒரு துறைமுகத்தின் பெயர்தான் வரும். தென்னாப்பிரிக்காவில் மெட்ராஸ் என்பார்கள். ரீயூனியனில் பாண்டிச்சேரி அல்லது காரைக்கால், மலேசியாவில் நாகப்பட்டினம், இலங்கை மலையகத்தில் தூத்துக்குடி அல்லது மண்டபம். அது கப்பலேறிய இடம். வட ஆற்காட்டுக்காரரும் சேலத்துக்காரரும் சென்னை டெப்போவில், அதாவது கப்பலேறுவோர் முகாமில், சில நாள் காத்திருந்துதான் கப்பலேறினார்கள். அந்தப் பெயரை மட்டும் கையில் வைத்துக்கொண்டு விமானம் ஏறி வருகிறவர், கோயில்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போக வேண்டியதுதான்.

தேட நான்கு வழிகள் உண்டு. போய்ச் சேர்ந்த நாட்டின் குடியேற்ற ஆவணங்கள் ஒன்று. அந்த நாட்டின் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகளும் குடியுரிமைத் தாள்களும் இரண்டாவது. மரபணுச் சோதனை மூன்றாவது. தமிழ்நாட்டுக்கே வந்து காப்பகத்திலும் ஊரிலும் தேடுவது, அல்லது அதற்கு ஆள் அமர்த்துவது நான்காவது. எதை முதலில் செய்வது என்பதைத் தீர்மானிப்பது ஒரே கேள்வி: போனவர் ஒப்பந்தத்தில் போனாரா, கங்காணியோடு போனாரா?

ஒப்பந்தமா, கங்காணியா

ஒப்பந்தக் கூலி என்றால் அரசாங்கக் கணக்கு. மொரீசியஸுக்கு 1834 முதல், நேட்டாலுக்கு (இன்றைய தென்னாப்பிரிக்காவில் டர்பன் உள்ள பகுதி) 1860 முதல் 1911 வரை, ஃபிஜிக்குச் சென்னையிலிருந்து 1903 முதல் 1916 வரை இப்படித்தான் ஆட்கள் போனார்கள். ஐந்தாண்டு ஒப்பந்தம். ஆள் ஓடிப்போனாலும் செத்துப்போனாலும் ஊர் திரும்பினாலும் குடியேற்ற அலுவலகம் கணக்குக் காட்ட வேண்டும். அதனால் தலைக்கு ஒரு எண், எண்ணுக்கு ஒரு வரி என்று எழுதி வைத்தார்கள். கொடுமையான ஏற்பாடு, ஆனால் அந்தக் கொடுமையின் கணக்குப் புத்தகம்தான் இன்று பேரப்பிள்ளைகளுக்கு உதவுகிறது.

கங்காணி முறையில் இந்தக் கணக்கு இல்லை. இலங்கையிலோ மலாயாவிலோ தோட்டத்தில் வேலை செய்தவனே ஊருக்கு வந்து, உறவினருக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் முன்பணம் கொடுத்துக் கூட்டிப்போனான். பெயர்கள் இருந்தது கங்காணியின் கடன் நோட்டிலும் தோட்டத்துச் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டிலும். தோட்டங்கள் கைமாறியபோதும் போர்க்காலத்திலும் அவற்றில் பெரும்பகுதி அழிந்துவிட்டது. இதற்கு ஈடாக ஒரு நன்மை உண்டு. ஒரு கங்காணியின் ஆட்கள் பெரும்பாலும் ஒரே ஊரையோ பக்கத்து ஊர்களையோ சேர்ந்தவர்கள். ஆகவே உங்கள் தாத்தாவின் பெயர் எங்கும் இல்லாவிட்டாலும், அதே லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) இருந்த இன்னொரு குடும்பத்தின் ஊர் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

மலாயாவில் இரண்டும் நடந்தன. ஒப்பந்த முறை 1910-ல் முடிவுக்கு வந்தது. கங்காணி வழி ஆள் சேர்ப்பு, 1938-ல் இந்திய அரசு தடுக்கும் வரை தொடர்ந்தது. ஆகவே முன்னோர் கப்பலேறிய ஆண்டு தெரியாமல் மலாயாவில் வழியைத் தேர்ந்தெடுக்க முடியாது.

சொந்தக் காசில் டிக்கெட் எடுத்துப் போனவர்கள் தனி வகை. பர்மாவுக்குப் போன செட்டியார்களும், நேட்டாலில் ‘பாசஞ்சர் இந்தியர்’ எனப்பட்ட வணிகர்களும் ஒப்பந்தக் கப்பல் பட்டியலில் இருக்க மாட்டார்கள். அங்கே பார்க்க வேண்டியவை கடை உரிமம், நீதிமன்ற வழக்கு, பேரேடு, பவர் பத்திரம்.

எந்த வகை என்று தெரியாதவர்கள் முதலில் வீட்டு அலமாரியைத் திறக்க வேண்டும். பழைய திருமணச் சான்றிலோ, விடுவிப்புச் சீட்டிலோ, இறப்புக் கோப்பிலோ என்னவென்று யாருக்கும் தெரியாத ஓர் ஐந்து இலக்க, ஆறு இலக்க எண் இருந்தால், அது குடியேற்ற எண்ணாக இருக்க வாய்ப்பு அதிகம். அந்த ஓர் எண் ஆறு மாத அலைச்சலை மிச்சப்படுத்தும்.

நேட்டால்: ஒரு வரி எவ்வளவு சொல்லும்?

கப்பல் பட்டியல் வழிக்கு நேட்டால்தான் நல்ல அளவுகோல். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து 342 பேருடன் ட்ரூரோ கப்பல் டர்பனுக்கு வந்தது. 1911 வரை மொத்தம் 1,52,184 பேர். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகம் வழியாக வந்தவர்கள். மூலப் பதிவேடுகள் டர்பன் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுதூலி ஆவண மையம் அவற்றைப் பெயர்த்தெழுதிக் கணினியில் ஏற்றியிருக்கிறது.

ஒரு வரி எப்படியிருக்கும் என்பதற்கு, நாமே அமைத்துக்கொண்ட ஒரு மாதிரி: பெயர் மூனியன், தந்தை சின்ன, வயது 24, ஜில்லா நார்த் ஆர்காட், தாலுகா கூடியாத்தம், ஊர் வல்லத்தூர், அடையாளம் இடது முழங்காலுக்குக் கீழே தழும்பு. இதில் நம்பத்தக்கது எது, நம்பக் கூடாதது எது?

எண்ணையும் கப்பலையும் நம்பலாம். முனியன் என்ற பெயரையும் நம்பலாம். உகரத்தைக் குறிக்க ஆங்கிலேய எழுத்தர் ‘ஓ’ என்ற எழுத்தை இரட்டையாகப் போட்டதால் ‘மூனியன்’ ஆகியிருக்கிறார். ‘சின்ன’ என்பது சின்னான், சின்னப்பன், சின்னசாமி எதுவாகவும் இருக்கலாம். கட்டத்துக்குள் இடமில்லாமல் எழுத்தர் வெட்டியிருப்பார். வயதில் ஐந்தாண்டு கூடக் குறைய இருக்கும். சாதிக் கட்டத்தில் எழுத்தரின் அறியாமையும் புகுந்திருக்கும், கேட்டதற்கு வேண்டுமென்றே மாற்றிச் சொன்ன பதிலும் புகுந்திருக்கும்.

ஊர்ப்பெயர்தான் உண்மையான சிக்கல். ல, ள, ழ மூன்றுக்கும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்து. ஒற்று இரட்டிப்பதற்கும் விதி கிடையாது. ஆகவே வல்லத்தூர், வலத்தூர், வளத்தூர், வாழத்தூர் என்று எல்லா வடிவங்களையும் எழுதிக்கொண்டு, குடியாத்தம் தாலுகாவின் ஊர்ப் பட்டியலில் ஒவ்வொன்றாகத் தேட வேண்டும். வளத்தூர் அங்கே இருக்கிறது. ஜில்லா அளவில் தேடினால் பல ஊர்கள் வந்து குழப்பும். தாலுகா அளவில் தேடினால் ஒன்றோ இரண்டோதான் மிஞ்சும். இதனால்தான் ஊர் என்ற கட்டத்தைவிடத் தாலுகா என்ற கட்டம் மதிப்புள்ளது. பட்டியலைப் பார்த்து எழுதிக்கொள்ளும்போது பலர் விட்டுவிடுவதும் அதைத்தான்.

அடுத்தது அக்கம்பக்கத்து எண்கள். கணவன், மனைவி, பிள்ளைகள் பெரும்பாலும் தொடர் எண்களில் இருப்பார்கள். ஒரே ஊரிலிருந்து சேர்ந்து கிளம்பியவர்களும் அருகருகே வருவார்கள். உங்கள் எண்ணுக்கு மேலே முப்பது, கீழே முப்பது வரிகளைப் படியுங்கள். அதே தாலுகா, அதே ஊர் வேறொரு எழுத்தில் எழுதப்பட்டிருந்தால் இரண்டையும் ஒப்பிட்டு உச்சரிப்பைப் பிடித்துவிடலாம்.

எண் தெரியாதவர்கள் பெயரை வைத்துத் தேடுவார்கள். ராமசாமி, முனுசாமி, கோவிந்தன் என்று தேடினால் நூற்றுக்கணக்கில் வரும். அதில் பிடித்த ஒருவரைத் தேர்ந்தெடுத்துக் குலமரத்தின் உச்சியில் உட்கார வைப்பதுதான் இந்த வேலையில் மிக அதிகமாக நடக்கும் தவறு. அதைவிட, இறங்குமுகமாக வராமல் ஏறுமுகமாகப் போவதே சரி. பெற்றோரின் திருமணச் சான்று, தாத்தாவின் இறப்பு அறிவிப்பு, அவருடைய பெற்றோர் பெயர் என்று ஒவ்வொரு படியாக ஏறி எண்ணை அடைய வேண்டும். தென்னாப்பிரிக்காவில் இறந்தவரின் சொத்துக் கோப்பில் உள்ள இறப்பு அறிவிப்பில் பெற்றோர் பெயர், பிறந்த நாடு, துணைவர், பிள்ளைகள் எல்லாம் கேட்கப்பட்டிருக்கும். நேட்டாலின் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகளில் ஒரு பகுதியை ஃபேமிலிசர்ச் என்ற குடும்ப வரலாற்று இணையதளத்தில் இலவசக் கணக்குத் திறந்து பார்க்கலாம்.

இன்னொரு கண்ணி, குடும்பப் பெயர். நேட்டாலில் நாயுடு, பிள்ளை, கவுண்டரிலிருந்து வந்த கோவெண்டர், முதலியாரிலிருந்து வந்த மூட்லி எல்லாம் குடும்பப் பெயர்களாகிவிட்டன. பட்டியலில் ஒரே பெயரோடு வந்த ஆள் பிற்காலத்தில் அப்படி ஒரு பட்டத்தைச் சேர்த்துக்கொண்டிருக்கலாம். கப்பல் பட்டியலில் மூட்லி என்று தேடிக் கிடைக்கவில்லை என்றால் ஆள் வரவில்லை என்று பொருளாகாது.

மொரீசியஸ், ஃபிஜி, ரீயூனியன்

மொரீசியஸ் இந்த மூன்றில் எளிது. மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இந்தியக் குடியேற்ற ஆவணங்கள் உள்ளன. குடியேற்ற எண், தந்தை பெயர், உயரம், ஊர், வந்த கப்பல் என்று நேட்டாலுக்கு இணையான விவரம் உண்டு. 1860களிலிருந்து எடுக்கப்பட்ட குடியேறிகளின் ஒளிப்படங்களும் உண்டு. எள்ளுத் தாத்தாவின் முகத்தைப் பார்க்கும் வாய்ப்பு வேறெங்கும் எளிதில் கிடைக்காது. வாரிசுகள் விண்ணப்பித்து வரியின் சான்றளித்த நகலைப் பெறலாம். வெளிநாட்டு இந்தியக் குடியுரிமை (ஓசிஐ) அட்டைக்காகத் தேடுகிறவர்களுக்கு அந்தச் சான்றளிப்பு முக்கியம். இணையத்தில் எடுத்த பிரதியை வைத்துக்கொண்டு அலுவலக வாசலில் நிற்க முடியாது. மொரீசியஸ்காரர்களுக்கு ஏழாம் தலைமுறை வரை அந்த அட்டை என்று 2024 மார்ச்சில் இந்தியா அறிவித்த பிறகு இதன் தேவை இன்னும் கூடியிருக்கிறது.

ஃபிஜிக்குப் போனவர்களுக்கு ஆளுக்கொரு குடியேற்றப் பாஸ் உண்டு. சூவாவிலுள்ள ஃபிஜி தேசிய ஆவணக் காப்பகத்தில் கப்பல் வாரியாக, எண் வாரியாக இருக்கிறது. இதில் நேட்டால் பட்டியலில் இல்லாத ஒரு கட்டம் உண்டு: நெருங்கிய உறவினர் பெயர். ஊருக்கு வந்து தேடும்போது அண்ணன் பெயரோ தாயார் பெயரோ கையில் இருப்பது பெரிய பலம்.

ரீயூனியன், மார்ட்டினிக், குவாடலூப் தேடலில் மொழி முதல் தடை. பதிவுகள் முழுக்க பிரெஞ்சில் இருக்கும். ஏக்ஸ்-ஆன்-ப்ரோவன்ஸ் நகரிலுள்ள கடல்கடந்த பகுதிகளுக்கான தேசிய ஆவணக் காப்பகம், இந்தத் தீவுகளின் பழைய குடிமைப் பதிவேடுகளைப் படமாக இணையத்தில் வைத்திருக்கிறது. புதுச்சேரி, காரைக்கால் பதிவேடுகளும் அதே தளத்தில் உள்ளன. இரு கரையின் ஆவணமும் ஒரே இடத்தில் இருப்பது பிரெஞ்சு வழியின் தனி வசதி. ஆனால் கூகுளில் தேடுவதுபோல் பெயரைத் தட்டினால் வந்துவிடாது. நாடு, கம்யூன் (உள்ளாட்சிப் பகுதி), ஆண்டு தேர்ந்தெடுத்துப் பக்கம் புரட்ட வேண்டும். ஆண்டு முடிவில் உள்ள அகரவரிசையையும் பத்தாண்டுப் பட்டியலையும் முதலில் பார்த்தால் நேரம் மிச்சம். உகரத்துக்குப் பிரெஞ்சு எழுத்தர் ‘ஓ’, ‘யு’ என்ற இரண்டு எழுத்துகளைச் சேர்த்துப் போடுவார். முத்துசாமியும் சுப்பிரமணியனும் ஆங்கிலப் பட்டியலிலிருந்து முற்றிலும் வேறான உருவத்தில் இருப்பது அதனால்தான்.

ஒரு பெரிய ஏமாற்றத்தையும் எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். காரைக்காலில் கப்பலேறிய பலர் பிரிட்டிஷ் தஞ்சாவூர் ஜில்லாக்காரர்கள். அவர்களின் பிறப்பைக் காரைக்கால் பதிவேட்டில் தேடுவது வீண். ரீயூனியன் காப்பகத்தின் ஒப்பந்தக்காரர் பதிவேட்டில் ஊர் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த படிக்குப் போங்கள். அந்தக் காலத் தாள்களில் ‘மலபார்’ என்று இருந்தால் கேரளம் என்று எண்ணிவிடாதீர்கள். அங்கே தமிழருக்கே அந்தப் பெயர்.

டிரினிடாட், கயானா, சுரினாம் மூன்றிலும் கல்கத்தா வழி போனவர்களே மிகுதி. தமிழ் முன்னோரைத் தேடுகிறவர்கள், சென்னையில் கிளம்பிய கப்பல் எது என்று உறுதியானால் மட்டும் அங்கே நேரம் செலவிடலாம்.

இலங்கையும் மலாயாவும்: பட்டியல் இல்லாத இடம்

இங்கே முதல் வழி அடைபட்டிருப்பதால் இரண்டாவது வழியே தலையானது. மலையகக் குடும்பங்களின் கையில் இருக்கும் மிகப் பெரிய சொத்து, அவர்களைப் பல பத்தாண்டுகள் அலைக்கழித்த குடியுரிமைத் தாள்கள்தான். 1948-ஆம் ஆண்டின் 18-ஆம் எண் சட்டம் குடியுரிமையைப் பறித்த பிறகு, 1949-ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தின்கீழ் குடும்பம் குடும்பமாக விண்ணப்பித்தார்கள். இலங்கையில் எத்தனை ஆண்டு தொடர்ந்து இருந்தோம் என்று நிரூபிக்க வேண்டியிருந்ததால், எந்தத் தோட்டத்தில் எந்த ஆண்டு முதல் என்ற விவரம் அதில் வரும்.

இந்தியக் குடியுரிமைக்குப் பதிந்தவர்களின் தாள் இன்னும் பயனுள்ளது. அரசியலமைப்பின் 8-ஆம் பிரிவு, விண்ணப்பித்தவரோ, அவருடைய பெற்றோரில் ஒருவரோ, தாத்தா பாட்டியில் ஒருவரோ பிரிக்கப்படாத இந்தியாவில் பிறந்திருக்க வேண்டும் என்கிறது. ஆகவே பிறந்த ஊர், தாலுகா, ஜில்லா கேட்கப்பட்டிருக்கும். 1964 அக்டோபர் 30-ல் கையெழுத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக ஒப்புக்கொண்டது. அப்படித் தாயகம் திரும்பிய குடும்பங்களுக்குக் கொடுத்த குடும்ப அட்டையும் கடவுச்சீட்டும் பல வீடுகளில் இன்னும் டிரங்குப் பெட்டியில் கிடக்கின்றன. நீங்கள் இலங்கையிலேயே தங்கிவிட்ட கிளை என்றால், இந்தியாவுக்குப் போன கிளையிடம் கேளுங்கள். அண்ணனின் தாளில் தம்பியின் ஊரும் இருக்கும்.

தோட்டத்தின் பெயரில் ஒரு சிக்கல் உண்டு. தோட்டத்து மக்கள் வழங்கிய தமிழ்ப் பெயரும் துரைமார் வைத்த ஆங்கிலப் பெயரும் பல இடங்களில் சம்பந்தமே இல்லாதவை. பாட்டி சொன்ன பெயரை வரைபடத்தில் தேடிக் கிடைக்காமல் பலர் கைவிட்டுவிடுகிறார்கள். ஃபெர்குசன் இலங்கை டைரக்டரியின் பழைய பதிப்புகளில் தோட்டங்களின் தமிழ்ப் பெயர்ப் பட்டியல் உண்டு. அதை முதலில் பார்த்துவிட்டுப் பிறகு பிறப்புப் பதிவைத் தேடலாம்.

மலேசியாவில் கேட்க வேண்டியது தாத்தாவின் பெயரைவிடத் தோட்டத்தின் பெயரும் கங்காணியின் பெயரும். பிறப்புச் சான்று, 1948-ல் தொடங்கிய அடையாள அட்டைப் பதிவு, குடியுரிமைச் சான்று, கப்பல் டிக்கெட், பழைய கடவுச்சீட்டு ஆகிய ஐந்தையும் குடும்பத்தின் எல்லாக் கிளைகளிலும் விசாரியுங்கள். ரஜூலா போன்ற கப்பல்களில் ஊருக்கு வந்துபோன தாத்தாவின் கடவுச்சீட்டில் பிறந்த இடம் என்று கிராமத்தின் பெயரே எழுதியிருக்கலாம். அடுத்தது கல்லறையும் கோயிலும். தமிழில் வெட்டிய பழைய கல்லறைக் கல்லில் ஜில்லா, தாலுகா, கிராமம் எழுதுவது வழக்கமாக இருந்தது. கோயில் நன்கொடைப் பலகையிலும் ஊரின் பெயரோடுதான் பெயர் போடுவார்கள். தோட்டங்கள் வீட்டு மனைகளாகும்போது கல்லறைகள்தான் முதலில் மறைகின்றன. இதைத் தள்ளிப்போடாதீர்கள், ஆவணக் காப்பகம் அடுத்த ஆண்டும் இருக்கும்.

சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் பழைய செய்தித்தாள் தொகுப்பில் 1935-ல் தொடங்கிய தமிழ் முரசு இருக்கிறது. மரண அறிவித்தல்களில் சொந்த ஊர் வரும். எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ‘னை’, ‘லை’, ‘றா’ வடிவங்களைக் கணினி பிழையாகப் படிக்கக்கூடும். ஒரு சொல்லில் கிடைக்காவிட்டால், இறந்த நாளுக்கு அடுத்த இரண்டு வார இதழ்களைப் பக்கம் பக்கமாகப் பார்ப்பதே விரைவு.

1942, 1943-ல் ஜப்பானியரால் சயாம் மரண ரயில் பாதை வேலைக்கு இழுத்துச் செல்லப்பட்டவர்களுக்கு இந்த வழிகள் பெரும்பாலும் முட்டுச்சந்துதான். ஆள் போனது தெரியும், திரும்பாதது தெரியும், தாள் இருக்காது. அந்தக் குடும்பங்கள் தோட்டத்தில் எஞ்சியவர்களின் பிறப்புச் சான்றிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

மரபணுச் சோதனை எங்கே உதவும்?

விளம்பரத்தைப் பார்த்து முதலில் வாங்கப்படுவது இதுதான். ஊரைக் கண்டுபிடிக்க இதை முதலில் செய்வது வீண்செலவு என்பது எங்கள் கருத்து. காரணம் கணக்கிலேயே இருக்கிறது. பெற்றோர் வழியில் தாத்தாக்கள் அண்ணன் தம்பியாக இருந்த இருவர், சராசரியாக 3.1 சதவீத மரபணுவைப் பகிர்வார்கள். கொள்ளுத் தாத்தாக்கள் அண்ணன் தம்பி என்றால் 0.8 சதவீதம். இந்த நிலையிலேயே பத்தில் ஒரு ஜோடிக்குச் சோதனையில் பொருத்தம் தெரியாமல் போகும். எள்ளுத் தாத்தாக்கள் என்றால் பாதி ஜோடிகளுக்கு ஒன்றுமே தெரியாது. 1880-ல் கப்பலேறியவரின் வாரிசும், ஊரில் தங்கிய தம்பியின் வாரிசும் இன்று இந்த எல்லையில்தான் நிற்கிறார்கள். அதற்கும் ஊரிலுள்ளவர் ஒருவர் சோதனை செய்திருக்க வேண்டும். பெரும்பாலான கிராமங்களில் யாரும் செய்திருக்க மாட்டார்கள்.

நம் மண முறை இன்னொரு குழப்பத்தைச் சேர்க்கிறது. மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் என்று தலைமுறை தலைமுறையாகச் சொந்தத்தில் கட்டியதால் ஒரே மரபணுத் துண்டு பல வழிகளில் வந்து சேரும். நிறுவனத்தின் கணினி, சொந்தத்தில் மணம் குறைந்த மக்களை வைத்து உறவைக் கணிக்கிறது. தாத்தா தலைமுறை உறவு என்று அது சொல்வது உண்மையில் இரண்டு தலைமுறை தள்ளியிருக்கலாம். மொத்த அளவைவிட நீளமான ஒற்றைத் துண்டு எவ்வளவு என்று பாருங்கள். சின்னச் சின்னத் துண்டுகளாகச் சேர்ந்த பெரிய கூட்டுத்தொகையை நம்ப வேண்டாம்.

ஆனால் ஓரிடத்தில் இதற்கு ஈடு வேறில்லை. டர்பனில் ஒரு கிளை, மொரீசியஸில் ஒரு கிளை, இரண்டும் ஒரே ஆளின் பிள்ளைகளா என்ற சந்தேகம் வந்தால் சோதனை தெளிவுபடுத்தும். புலம்பெயர்ந்தவர்கள் ஓரளவு சோதனை செய்திருக்கிறார்கள். அங்கேயும் உயிரோடிருக்கும் மிக மூத்தவரைச் சோதியுங்கள். ஒரு தலைமுறை மேலே போனால் பகிரும் அளவு இரட்டிப்பாகும். எழுதிக் கொடுத்த சம்மதம் இல்லாமல் செய்யாதீர்கள். எதிர்பாராத தகப்பன் தெரியவரும் வாய்ப்பை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

ஆள் அமர்த்துவதா, நீங்களே வருவதா

டர்பனிலோ சூவாவிலோ மோக்காவிலோ உள்ள பதிவேட்டைப் பார்க்க மட்டும் என்றால் ஆள் அமர்த்துவது மலிவு. எண் தெரிந்தால் அரை நாள் வேலை. எண் தெரியாமல் ‘ராமசாமியைக் கண்டுபிடி’ என்று கொடுத்தால், ஏதோ ஒரு ராமசாமியைத்தான் கொண்டு வருவார். பதிவேட்டுப் பக்கத்தின் படம், தொகுதி எண், பக்க எண் ஆகியவை இல்லாமல் முழுத் தொகையைக் கொடுக்காதீர்கள். எங்கெல்லாம் தேடிக் கிடைக்கவில்லை என்பதையும் எழுதி வாங்குங்கள். அடுத்தவர் அதே இடத்தில் மறுபடி காசு வாங்காமல் இருக்க அது உதவும்.

எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தைப் பற்றிய எதிர்பார்ப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டும். அங்கே இருப்பவை பெரும்பாலும் அரசாணைகளும் துறைக் கடிதங்களும். ஆள் சேர்ப்பில் நடந்த முறைகேடு, கப்பலில் பரவிய காலரா, திரும்பி வந்தவர்களின் மனு போன்றவை துறை வாரி, ஆண்டு வாரிச் சுட்டிகள் வழியாகக் கிடைக்கும். உங்கள் முன்னோரின் கப்பலைப் பற்றிய நல்ல பின்னணி அது. தனி ஆளின் பெயரைத் தேடி அங்கே போவது வைக்கோல் போரில் ஊசி தேடுவதுதான். மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வீட்டு வாரித் தாள்கள் இந்தியாவில் பாதுகாக்கப்படவில்லை என்பதால் அந்த வழியும் இல்லை.

ஊருக்கு வருகிறவர் கையில் தாலுகா, ஊர், தந்தை பெயர் மூன்றும் இருக்க வேண்டும். அதன் பிறகு செய்ய வேண்டியது பழைய ஜில்லாவை இன்றைய மாவட்டமாக மாற்றுவது. வட ஆற்காடு 1989-ல் பிரிந்தது. வேலூர் 2019-ல் ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மீண்டும் பிரிந்தது. சித்தூர் 1911-ல்தான் தனி மாவட்டம் ஆனது. ஆகவே கப்பல் பட்டியலின் ‘நார்த் ஆர்காட்’ இன்று ஆந்திரத்தில்கூட இருக்கலாம். தென் ஆற்காடு 1993-ல் கடலூர், விழுப்புரம் ஆனது, கள்ளக்குறிச்சி 2019-ல். தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினமும் திருவாரூரும், பிறகு நாகையிலிருந்து மயிலாடுதுறையும் பிரிந்தன. சேலத்திலிருந்து தர்மபுரி 1965-ல் பிரிந்தது, நாமக்கல் 1997-ல்.

கிராம நிர்வாக அலுவலரிடம் போய்ப் பிறப்புப் பதிவு கேட்பது பயன் தராது. பிறப்பு இறப்புப் பதிவுக்கான மெட்ராஸ் சட்டமே 1899-ல் வந்தது. கப்பலேறியவர்களில் பெரும்பாலோர் அதற்கு முன்பே பிறந்தவர்கள். அதற்குப் பின் பிறந்தவர்களின் பதிவிலும் ‘ஆண் குழந்தை’ என்று மட்டும் இருக்கும், பெயர் இருக்காது. நிலவரிப் பதிவேடுகள் நிலம் வைத்திருந்தவர்களைத்தான் காட்டும். போனவர்களில் பெரும்பகுதி பண்ணையாட்களும் நிலமில்லாதவர்களும். நிலம் இருந்த குடும்பம் என்றால் மட்டும் வில்லங்கச் சான்றும் பழைய பாகப்பிரிவினைப் பத்திரமும் பாருங்கள்.

மற்ற எல்லோருக்கும் ஊரில் சாவி குலதெய்வம்தான். மாரியம்மன், முனீஸ்வரன் என்று பொதுப்பெயராக இருந்தால் உதவாது, அடைமொழி வேண்டும். மொட்டை எங்கே அடித்தார்கள், எந்த மாதம் கிடா வெட்டினார்கள், என்ன நிறச் சேலை சாத்தினார்கள் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். கோயில் பூசாரிக்கு அந்தச் சாமியின் பங்காளிக் குடும்பங்கள் தெரியும். தலைவரி வசூலிக்கும் நோட்டு யாரிடம் இருக்கிறதென்றும் தெரியும். தேநீர்க் கடையில் பெயரைச் சொல்லிக் கேட்டால் அரை மணியில் ஐந்து ‘உறவினர்கள்’ கிடைப்பார்கள். உங்கள் பட்டியலிலுள்ள தந்தை பெயரையும் தழும்பையும் நீங்களாக முதலில் சொல்லிவிடாதீர்கள். அவர்கள் சொல்லட்டும், நீங்கள் ஒப்பிடுங்கள்.

ஊரிலிருந்து வெளியே தேடுகிறவர்களுக்கு

தாத்தாவின் தம்பி எங்கோ போனார், என்ன ஆனார் என்று தமிழ்நாட்டிலிருந்து தேடுவது இதைவிடக் கடினம். போன நாடே பல சமயம் தெரியாது. ‘அக்கரைச் சீமை’ என்றால் பினாங்காகவும் இருக்கலாம், ரங்கூனாகவும் இருக்கலாம். மணியார்டர் ரசீது, கடித உறையின் அஞ்சல் முத்திரை இரண்டும் முதல் தடயம். நேட்டால் என்று தெரிந்தால், பெயரை விட்டுவிட்டு, கணினியில் ஏற்றிய பட்டியலை ஊர்க் கட்டத்தின்படி வடிகட்டுங்கள். உங்கள் ஊரிலிருந்து போன அத்தனை பேரும் வரிசையாக வருவார்கள். அதில் தந்தை பெயர் பொருந்துகிறவரைக் குறித்துக்கொண்டு, அவருடைய குடியேற்ற எண்ணை வைத்து அந்த நாட்டுத் திருமண, இறப்புக் கோப்புகளில் கீழ்நோக்கி வரலாம். வடிகட்டும்போது ஊர்ப்பெயரின் முதல் மூன்று எழுத்தை மட்டும் கொடுங்கள். பாளையம், பட்டி, குடி, பேட்டை என்று முடியும் பின்பாதிகளை எழுத்தர்கள் விதவிதமாகச் சிதைத்திருப்பார்கள். முன்பாதி பெரும்பாலும் தப்பியிருக்கும்.